தினமும் ஒரு பச்சை முகம்

என் கைக்கு வாய் கிடையாது. அதனால் சேலத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் என் செல்போனுக்கு வாய் கொடுத்து வைத்திருக்கிறார்கள். விடிந்தும் விடியாததுமாக அது ஆரம்பித்துவிடும். "வணக்கம் ஜெயப்பிரியா. இன்று காலை உங்கள் மூட்டுகள் எப்படி உள்ளன?" கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்ணுக்குக்கூட அத்தனை குழைவு இருக்காது. கேள்விக்குக் கீழே ஐந்து முகங்கள் வரிசையாக வந்து நிற்கும். முதல் முகம் பச்சை, பல் தெரியச் சிரிக்கும். கடைசி முகம் சிவப்பு, வாயைக் கோணிக்கொண்டு அழும். நடுவில் இருப்பவை சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் முழிக்கும். நமக்குப் பொருந்துகிற முகத்தை அழுத்த வேண்டும்.

அந்த நேரத்தில் என் விரல்கள் பத்தும் இரவெல்லாம் சிமெண்டில் புதைந்து கிடந்த மாதிரி இருக்கும். போர்வையை முழங்கையால்தான் தள்ளுவேன். பல்பொடி டப்பாவைத் திறக்க முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது, குழாயைத் திருக முடியாது. அந்த அழுகிற முகத்தை என்னைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார்கள். ஆனால் நான் அழுத்துவது பச்சையை. தினமும் பச்சை. "மிக்க மகிழ்ச்சி, ஜெயப்பிரியா" என்று அது சொல்லும்போது எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்று எரிச்சல் வரும். அடிப்பதற்கும் அதைக் கையில் பிடிக்க வேண்டுமே.

பொய் சொல்வது என் குணம் இல்லை. முன்கோபம் உண்டு, வாய் நீளம் உண்டு, வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பொய் மட்டும் வராது. அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பொய் எப்படி வந்தது என்று சொல்ல, எங்கள் சங்ககிரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சங்ககிரியில் வீட்டுக்கு ஒருவர் லாரியில் இருப்பார். என் வீட்டுக்காரர் தங்கமுத்து நாக்பூர், இந்தூர் பக்கம் லோடு ஓட்டுகிறார். போனால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பையன் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். நான் பைபாஸ் பக்கத்தில் ஒரு பட்டறையில் தார்ப்பாய் தைக்கிறேன். கிழிந்து வரும் தார்ப்பாய்க்கு ஒட்டுப் போடுவது, ஓரம் மடித்துக் கயிறு கோப்பது, கயிறு நுழைய இரும்புக் கண்ணி வைப்பது எல்லாம் என் வேலை. விரல் பலம் இல்லாமல் தார்ப்பாய் ஊசி ஒரு அங்குலம்கூட உள்ளே போகாது.

அந்த விரல்கள்தான் வீங்க ஆரம்பித்தன. முதலில் வேலை அதிகம் என்றார்கள். அப்புறம் வாயு என்றார்கள். எண்ணெய் தேய்த்தேன், பத்தியம் இருந்தேன், பூண்டை உரித்து உரித்துத் தின்று பட்டறையில் யாரும் என் பக்கத்தில் உட்காராத நிலைமைக்கு வந்தேன். கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, இது முடக்குவாதம் என்றார். நம்மைக் காப்பாற்ற வேண்டிய ரத்தமே புத்தி கெட்டுப்போய் நம் மூட்டைத் தின்கிற நோயாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுகிற மஞ்சள் மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகப் போட்டால் விரல் தப்பிக்கும், விட்டுவிட்டால் எலும்பு அரித்து விரல் கோணிவிடும், கோணியதை நிமிர்த்த மருந்து கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அங்கேதான் இந்தச் செல்போன் ஆராய்ச்சியும் நடக்கிறது. மாதாமாதம் பஸ் ஏறி வந்து காத்துக் கிடக்க வேண்டாம், வீட்டில் இருந்தே தினமும் முகத்தை அழுத்தினால் போதும், சிவப்பு வந்தால் நாங்களே கூப்பிடுகிறோம், பச்சையாகவே இருந்தால் மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். முகம் அழுத்தியதும் ஒரு பரீட்சை வேறு உண்டு. திரையில் வட்டங்கள் அங்கும் இங்கும் முளைக்கும், அவை மறைவதற்குள் விரலால் தொட வேண்டும். அந்தப் பரீட்சையும் முடிந்தால்தான் அன்றைய கணக்கு போய்ச் சேரும். ஆராய்ச்சியைக் கவனிக்கும் பிரபா என்ற பெண்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

"கூட ஒருத்தரு நம்பர் குடுங்கக்கா. நீங்க அமுத்தறது அவங்களுக்கும் போகும். வீட்ல இருக்கறவங்க கவனிச்சுக்குவாங்கல்ல, அதுக்குத்தான்" என்றாள்.

என் வீட்டுக்காரர் அன்று கூட வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "என்ற நம்பரப் போடு சாமி" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். எங்கோ மத்தியப் பிரதேசத்தில் இருந்துகொண்டு பொண்டாட்டி கையைத் தினமும் பார்க்கலாம் அல்லவா. அந்தப் பெண்ணும் பச்சைக்கு ஒரு சின்ன மணிச் சத்தம், சிவப்புக்கு ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சைரன் என்று அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். யாருக்கும் ஒரு நிமிஷம் யோசனை வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவர் கையில் இருப்பது போன் மட்டும் இல்லை, ஸ்டேரிங்கும்தான்.

எங்கள் ஊரில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவனிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட "எல்லாரும் நல்லாருக்கறோம், நீங்க பாத்துப் போங்க" என்றுதான் சொல்வோம். சாவே விழுந்தாலும் நேராகச் சொல்வதில்லை. லாரி ஓனருக்குச் சொல்வோம், இல்லாவிட்டால் கூடப் போகிற வண்டிக்காரனுக்குச் சொல்வோம். அவர்கள் கூப்பிட்டு, "வண்டிய ஓரங்கட்டு" என்பார்கள். ஓரங்கட்டி, இறங்கி, ஒரு டீ குடித்த பிறகுதான் மிச்சம். ஆனால் அந்த முதல் வார்த்தையிலேயே டிரைவருக்குத் தெரிந்துவிடும், வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று.

இது வெறும் சாஸ்திரம் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் பொன்னாத்தாள் அக்காவைப் பார்த்தால் தெரியும். என் வீட்டுக்காரரின் அண்ணன் கருப்பண்ணனின் மனைவி. மகள் மாடியில் இருந்து விழுந்துவிட்டாள் என்று பதறிப்போய் நேராக அவருக்கே போன் போட்டுவிட்டாள். அவர் அப்போது தொப்பூர் மலை இறக்கத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கை முறிவோடு போயிற்று, மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார்கள். அப்பன் வரவில்லை. அந்த மகள் கல்யாணமாகி இப்போது ராசிபுரத்தில் இருக்கிறாள். அக்கா அன்றைக்கு விட்டவள்தான், இன்றுவரை செல்போனைக் கையால் தொட்டதில்லை. மகளே கூப்பிட்டாலும் நான்தான் அவள் காதில் வைக்க வேண்டும்.

முதல் வாரம் நான் உண்மையைத்தான் அழுத்தினேன். ஒருநாள் காலையில் மணிக்கட்டு வரைக்கும் தீயாய் எரிந்தது. சிவப்பை அழுத்தினேன். வட்டங்களில் பாதியைத் தொட முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம், யாரோ இந்தியில் கத்துகிற சத்தம்.

"என்னாச்சு ப்ரியா? சைரன் அடிக்குது?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அங்க என்ன சத்தம்?"

"அட, டிவைடர்ல லேசா ஒரசிருச்சு. போனு கத்துச்சுன்னு திரும்பிப் பாத்தேன். தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு உடு. நீ எப்புடி இருக்கறே, அதச் சொல்லு."

கை தவறி அழுத்திவிட்டேன் என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்ட பிரபாவிடமும் அதையே சொன்னேன். அன்று முழுவதும் பட்டறையில் எதைத் தைத்தேன் என்று தெரியாது. மறுநாளில் இருந்து பச்சை.

ஓட்டும்போது போனைப் பார்க்காதீர்கள் என்று சொல்லக் கூடாதா என்பீர்கள். சொன்னேன். "சரி, பாக்கல" என்றார். டிரைவர் சொல்கிற சரியை நம்புகிறவள் சங்ககிரியில் குடித்தனம் பண்ண முடியாது. சரி, அவர் நம்பரையாவது எடுத்துவிடலாமே என்பீர்கள். அதையும் பிரபாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். எடுத்தால் அவருக்கும் அறிவிப்பு போகும் என்றாள். போதாக்குறைக்கு, தினமும் வருகிற முகம் ஒருநாள் வராமல் நின்றுபோனால் அந்த மனுஷன் என்னவெல்லாம் நினைப்பார்? எங்கள் ஊரில் சேதி வராததும் ஒரு சேதிதான்.

ஆகவே பச்சை. ஆனால் போனை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. முகம் சிரித்து, வட்டங்கள் தப்பிப் போனால் "மீண்டும் முயலுங்கள்" என்று நச்சரிக்கும். காலையில் என் விரல் எந்த வட்டத்தைத் தொடும்? அதனால் எழுந்ததும் கேட்கிற கேள்வியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவேன். வெந்நீரில் கையை ஊற வைப்பேன். மெதுவாகச் சமைப்பேன். பட்டறைக்குப் போய் உட்கார்ந்து வெயில் ஏறிய பிறகு விரல் கொஞ்சம் இளகும். பதினோரு மணி வாக்கில், முதலாளி அந்தப் பக்கம் போனதும், ஒரே மூச்சில் வட்டங்களைத் தொட்டுப் பச்சையை அழுத்திவிடுவேன். அது மகிழும். அங்கே அவருக்கு மணி அடிக்கும். அன்றைக்கு அவர் உயிர் பத்திரம் என்று நானும் ஒரு டீ குடிப்பேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முதல் நாள்தான் கஷ்டம். பழகினால் பரிமாறவும் செய்யலாம். அவர் வீட்டில் இருக்கிற நாட்களில் அவருக்கு முன்பே எழுந்து வெந்நீரில் கையை ஊற வைத்துக்கொள்வேன். மூன்று மாதம் ஆனதும், பச்சையாகவே இருக்கிறதே, நேரில் வர வேண்டாம் என்று டாக்டரம்மா வீடியோவில் வந்தார். அதற்கு முன்பே மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டு, வெந்நீரில் கையை ஊற வைத்துத் தயாராக இருந்தேன். "கையை மூடுங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மூடினேன். "திறங்க" என்றார். திறந்தேன்.

"பரவாயில்லையே. இத்தனை நாளும் பச்சைதான். மாத்திரையைக் குறைச்சுப் பார்க்கலாம்" என்றார்.

வேண்டாம் என்று தொண்டை வரை வந்தது. எதற்கு வேண்டாம் என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்? "சரிங்க மேடம்" என்றேன். என் நோய்க்கு நானே சோறு போட்டு வளர்த்தேன்.

மாத்திரை குறைந்த பிறகு விரல்கள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. பதினோரு மணிக்கு இளகியது பன்னிரண்டானது, அப்புறம் ஒன்றானது. வட்டங்களை ஆள்காட்டி விரலை விட்டுவிட்டுக் கட்டை விரலின் கணுவால் தொட்டேன். வலது கை மோதிர விரல் மெல்லப் பக்கத்து விரல் மேல் சாய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் இன்னும் ஊருக்கு வரவில்லை. ராத்திரியில் அதைத் துணியால் கட்டி நேராக்கிப் பார்த்தேன். காலையில் அவிழ்த்தால் மறுபடியும் சாயும். பட்டறையில் ஊசி கைநழுவி விழுந்துகொண்டே இருந்தது. முதலாளி அதைக் கவனித்தார். ஒட்டுப் போடுகிற வேலையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு எனக்குக் கயிறு வெட்டச் சொன்னார். கத்தரிக்கோலையும் பிடிக்க முடியவில்லை என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

உட்கார்ந்தால் எழ வேண்டும் போல இருக்கும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். போன் சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவரா, ஆஸ்பத்திரியா, இல்லை அவருக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று லாரி ஓனரிடம் இருந்து வருகிற சேதியா?

அந்த நேரம் பார்த்துப் பிரபா கூப்பிட்டாள். அவள் குரலில் ஒரே குதூகலம்.

"அக்கா, உங்க கிராஃபைத்தான் டாக்டரம்மா மீட்டிங்ல காட்டப் போறாங்க. மாத்திரையக் குறைச்சும் பச்சையாவே இருக்குது பாருங்க. இதே மாதிரி மத்தவங்களுக்கும் குறைக்கலாமான்னு பேசறாங்க. நீங்க ஒருநாள் வந்து நாலு வார்த்தை பேசோணும்."

"என்ன பேசறது சாமி?"

"எப்படி இருந்தீங்க, இப்ப எப்படி இருக்கீங்கன்னு சொன்னாப் போதும்."

போனை வைத்த பிறகு எனக்கு என் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இதுவரை என் விரலை நான் தின்றேன், சரி, அது என் பாடு. இப்போது முகம் தெரியாத எவளோ ஒருத்தியின் மாத்திரையையும் என் பச்சை முகம் பிடுங்கப் போகிறது. அவள் நாமக்கல்லில் முட்டை அடுக்குகிறவளாக இருக்கலாம், மேட்டூரில் டீச்சராக இருக்கலாம். அவளுக்கும் பத்து விரல் இருக்கும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுப்பேன். உடனே அந்த ஹாரன் சத்தம் காதில் கேட்கும். கீழே வைத்துவிடுவேன். இப்படியே எடுப்பதும் வைப்பதுமாக அந்த வாரம் போயிற்று.

அடுத்த வாரம் ஒரு காலையில்தான் கேஸ் விஷயம் நடந்தது.

அடுப்புத் திருகை விரலால் திருக முடியாமல் போய்ச் சில நாளாகவே வீட்டுக்காரரின் டூல்ஸ் பெட்டியில் இருந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து வைத்திருந்தேன். அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருகைக் கவ்வித் திருப்புவேன். அன்றைக்கும் திருப்பினேன். கேஸ் சீறிக்கொண்டு வந்தது. லைட்டரை எடுக்கும்போது பிளேயர் நழுவி அடுப்புக்குப் பின்னால் விழுந்துவிட்டது. லைட்டரும் அழுந்தவில்லை. சரி, அணைத்துவிடலாம் என்றால் திருகு அசையவில்லை. உள்ளங்கையால் அழுத்தினேன். மணிக்கட்டால் நெருக்கினேன். பல்லால் கடிக்கக்கூடக் குனிந்தேன். சிலிண்டர் மூலையில் திணித்துக் கிடந்தது, அதன் ரெகுலேட்டர் என் விரலுக்கு மசியுமா? ஜன்னல் கொக்கியும் வரவில்லை. நாற்றம் தலைக்கு ஏறியது. கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "அக்கா" என்று கத்தினேன்.

பொன்னாத்தாள் அக்கா முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு உள்ளே போய்த் திருகை அணைத்தாள். ஜன்னல் எல்லாம் திறந்தாள். கீழே குனிந்து பிளேயரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இதுலயா தெனமும் அடுப்புப் பத்த வெக்கறே?"

நான் கையைச் சேலைக்குள் மறைத்தேன். என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். சாய்ந்த விரலைத் தொட்டாள். அவள் முகம் மாறியது.

"மருந்து நல்லாக் கேக்குது, எல்லாம் பச்சை, பச்சைன்னு தங்கமுத்து ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரியறான். கேவுருல நெய் வடியுதுன்னா கேக்கறவளுக்கு மதி எங்க போச்சு? எனக்குஞ் சேத்துத்தான் சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். டிவைடரில் உரசியது, பச்சை, வெந்நீர், வீடியோ, மாத்திரை குறைந்தது, மீட்டிங். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கவும் புறங்கைதான். அக்கா பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியது இல்லை. ஸ்டேரிங்கில் இருப்பவனிடம் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் அவளைவிடத் தெரிந்தவள் யார்? நீ செய்ததுதான் சரி என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"இப்ப நீ ஊட்டோட எரிஞ்சு போயிருந்தீன்னா," என்றாள், "அந்தச் சேதிய அவனுக்கு ஆரு சொல்றது? நானா? ஒருத்தருக்குச் சொன்னது பத்தாதா எனக்கு?"

அவள் குரல் தாழ்ந்தது.

"அன்னிக்கு நான் சேதி சொன்னது தப்பில்ல ப்ரியா. ஓரங்கட்டுங்கன்னு மொதல்ல ஒரு வார்த்த சொல்லாம உட்டேன் பாரு, அதுதான் தப்பு. சொல்லாமயே இருந்தரோணும்னு எவ சொன்னா? போனப் போட்டுக் குடு."

"அக்கா, நீங்களா?"

"உனக்கு அந்த வார்த்த வாயில வராது. போடு."

உண்மைதான். அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல என் நாக்கு எழாது. கட்டை விரல் கணுவால் அவர் பெயரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா போனைத் தானே கையில் வாங்கினாள். சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு ப்ரியா."

"தங்கமுத்து. வண்டிய ஓரங்கட்டு சாமி."

எந்த இறக்கத்தில் இருக்கிறாரோ, முன்னால் எந்த வண்டி போகிறதோ. அப்புறம் அவர் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

"ஆருங்க அண்ணி?"

"ஆருமில்ல. எல்லாரும் இருக்கறோம். உன்ற பொண்டாட்டி என்ற பக்கத்துலதான் உக்காந்துருக்கறா. நீ மொதல்ல ஓரங்கட்டு, அப்பறம் பேசுவா."

"வண்டி நின்னுட்டுத்தானுங்க அண்ணி இருக்குது. இன்னும் எடுக்கவே இல்ல."

நான் குனிந்து போனுக்கு நேராகக் கேட்டேன். "இந்நேரத்துக்கு எடுக்காம என்னுங்க பண்றீங்க?"

"உன்ற மூஞ்சி இன்னும் வரலியே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். அன்றைக்கு டிவைடரில் உரசியதில் இருந்து ஓட்டும்போது போனைத் தொடுவதே இல்லையாம். அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுவாராம். அதற்குப் பதிலாகக் காலையில் என் பச்சை முகம் வந்த பிறகுதான் சாவியைத் திருகுவது என்று வைத்துக்கொண்டாராம்.

"நீ பதினோரு மணிக்கு மேலதான் அமுத்தறே. இப்பெல்லாம் மத்தியானமே ஆயிருது. கூட வந்த வண்டியெல்லாம் போயிருது. ஓனரு வையறாரு. ஊட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு அமுத்துவா, பொறுத்துக்கலாம்னு நானும் டாபாவுல உக்காந்துட்டு இருக்கறேன்."

"என்றகிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா நீ எனக்காக அவசரப்படுவே. போனப் பாக்கலன்னு மட்டும் அன்னிக்கே சொன்னேனே."

சொன்னார். நான்தான் நம்பவில்லை. தினமும் அவர் ஓட்டுகிறார் என்று நினைத்து நான் பச்சையை அழுத்திய நேரத்தில் எல்லாம் அவர் எங்கோ ஒரு மரத்தடியில், ஆறிப்போன டீயுடன், நிறுத்திய வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் எந்த முகத்தை அழுத்தியிருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சிவப்பை அழுத்தியிருக்கலாம். முதல் மாதமே அழுத்தியிருக்கலாம். என் விரலைப் பார்த்தேன். அது பக்கத்து விரல் மேல் சாய்ந்து படுத்திருந்தது.

"என்ன ப்ரியா, பேசாம இருக்கறே? அண்ணி, என்னுங்க ஆச்சு?"

அக்கா போனைத் திருப்பி வீடியோ போடச் சொன்னாள். போட்டேன். அவர் முகம் தெரிந்தது, பின்னால் ஒரு வேப்பமரமும் லாரியின் மூக்கும் தெரிந்தன. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். மூடச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மூடியிருக்க முடியாது. வெந்நீர் வைக்காத கை அது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அத்தனையும் பொய்யா புள்ள?" என்றார்.

"ஆமாங்க."

"எனக்காகவா?"

"வேற ஆருக்குங்க?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. "அமுத்து" என்றார். "நெசமா எது இருக்குதோ அத அமுத்து. நான் எறங்கித்தான் நிக்கறேன்."

அக்கா போனைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஐந்து முகங்களும் வந்து வரிசையாக நின்றன. சிவப்பை அழுத்தினேன். வட்டங்கள் முளைத்து முளைத்து மறைந்தன. தொட முடிந்ததைத் தொட்டேன், முடியாததைப் போகவிட்டேன். "மீண்டும் முயலுங்கள்" என்று அது கேட்கவில்லை. முகமும் விரலும் அன்றைக்குத்தான் ஒத்துப்போயின. அவர் பக்கத்தில் சைரன் அலறியது. அவர் அதை அணைக்காமல், கடைசி வரைக்கும் அடித்து ஓயும்வரை நின்று கேட்டார்.

"வந்துருச்சு" என்றார். "நீ அண்ணியக் கூட்டிட்டு இன்னிக்கே சேலம் போ. லோடு எறக்கிட்டு நான் வாரேன். மெதுவாத்தான் வருவேன், பயப்படாத."

அவரிடம் பேசி முடித்ததும் அடுத்த அழைப்பு. பிரபா. குரலில் பழைய குதூகலம் இல்லை, ஒரு சின்னச் சலிப்புதான் இருந்தது.

"அக்கா, இங்க செவப்புன்னு காட்டுது. கை தவறித் தெரியாம அமுத்திட்டீங்களாக்கா? நான் வேணா மாத்திடட்டுமா?"

"மாத்தாத சாமி" என்றேன். "இத்தன நாளும் அமுத்துனதெல்லாந்தான் தப்பு. இன்னிக்குத்தான் கையப் பாத்து அமுத்துனேன்."